நிறுத்திய காரும் எலியின் குடியேற்றமும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பெரியோர் வாக்கு. பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்து, வாடகை வீடுகளில் பல்லாண்டு கழித்து, பின்னர் கடன் பெற்றுச் சிறு வீடோ சிறு காரோ வாங்கிய குடும்பங்களுக்கு இப்பழமொழியின் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் இதனை நம்மைவிடக் கருத்தாகக் கடைப்பிடிக்கும் பிராணி ஒன்று உண்டு. அது எலியே ஆகும். கோடை விடுமுறைக்கோ, மகளின் பிரசவத்துக்கோ, பெற்றோரின் நோய்க்கோ நாம் சொந்த ஊர் சென்று இரண்டு மூன்று மாதம் தங்க நேரிடுகிறது. நம் கார் வீட்டு வாசலிலோ, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ அசையாமல் நிற்கிறது. அந்த இடைவெளியில் எலி அதைத் தன் தனி வளையாக்கிக்கொள்கிறது.

திரும்பி வந்து பார்க்கும்போது பானெட்டுக்குள் கந்தலும் சருகும் சேர்த்துக் கட்டிய கூடு இருக்கும், கம்பிகள் அறுந்திருக்கும், உள்ளே மூத்திர நாற்றம் வீசும். இதனைச் சில்லறை நஷ்டம் என்று தள்ளிவிடலாகாது. இக்காலத்துக் காரில் மின்கம்பித் தொகுதியானது மனித உடலில் நரம்பு மண்டலம் போன்றது. ஒன்றிரண்டு கம்பிகள் கடிபட்டாலும், தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டுமென்று பழுதுபார்ப்போர் சொல்லுவதுண்டு. அச்செலவு ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக் கூடும். பணமாவது மறுபடியும் ஈட்டத்தக்கது. சக்கரத்தின் அருகே செல்லும் பிரேக் சம்பந்தமான கம்பி அறுந்திருந்தாலோ, பெட்ரோல் குழாயில் பல் பட்டிருந்தாலோ, அது குழந்தைகுட்டிகளோடு ஓசூர்ச் சாலையில் செல்லும்பொழுதுதான் வெளிப்படும். ஆகையால் இவ்விஷயத்தை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதுகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதையும், அதன்பின் கார்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நின்ற இடத்திலேயே நின்றதையும் யாவரும் அறிவர். ஓடாத காருக்கு என்ன நேரும் என்பதை அன்று பலர் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டார்கள். ஊரடங்கு நீங்கிவிட்டது, எலி நீங்கவில்லை.

எலி ஏன் வருகிறது?

எலி நம் காரின்மீது பகை கொண்டு வருவதன்று. அதற்கு வேண்டுவன மூன்று: இருள், அமைதி, உணவு. நின்ற காரின் என்ஜின் அறையில் முதலிரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்றாவதைப் பெரும்பாலும் நாமே வைத்துவிட்டுப் போகிறோம்.

நம் நகரில் காரை நாடி வருவன பெரும்பாலும் மூவகை. முதலாவது சுண்டெலி. இரண்டாவது, சுவரும் கம்பியும் மரமும் ஏறவல்ல வீட்டெலி. மூன்றாவது, சாக்கடை ஓரங்களிலும் குப்பைமேடுகளிலும் வளை தோண்டும் பெருச்சாளி. சுண்டெலிக்கு ஒரு பென்சில் பருமனுள்ள துளை, அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், போதுமானது. வளர்ந்த வீட்டெலிக்கு அரை அங்குலத் துளை இருந்தால் போதும். காரின் அடிப்பகுதியோ பெரும்பாலும் திறந்தே இருப்பது. டயரின்மேல் ஏறினால் என்ஜின் அறை. அங்கிருந்து கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துவாரத்தின் வழியே போனால் ஏ.சி.யின் காற்றறை, அதன் வடிகட்டித் தாளைக் கடித்துவிட்டால் நாம் உட்காரும் இடம். இதுவே அதன் பாதை.

கம்பியை ஏன் கடிக்கிறது என்று பலர் வினவுகின்றனர். எலியின் முன்பற்கள் அதன் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் இயல்புடையவை. ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக் கூடியவை. ஆகவே அது எதையேனும் கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிய கார்களில் கம்பியின் மேலுறை சோயாவைக்கொண்டு செய்யப்படுவதால்தான் எலி விரும்பிக் கடிக்கிறது என்று ஒரு சாரார் சொல்லுகின்றனர். அமெரிக்க நாட்டில் இதுபற்றி வழக்குகளும் தொடுக்கப்பட்டன. ஆயினும் சோயா கலவாத பழைய கம்பிகளையும், ரப்பர்க் குழாயையும், கட்டைக் கதவையும் எலி கடிக்கவே செய்கிறது. எனவே புதிய கார், பழைய கார் என்ற பேதம் பாராட்டி எவரும் அலட்சியமாக இருத்தல் தகாது.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. எலியின் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகளுக்குக் குறைவதில்லை. அக்குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமும் ஈனும் பருவத்தை எய்துகின்றன. நாம் மூன்று மாதம் கழித்து வரும்போது எதிர்ப்படுவது ஓர் எலியாக இராது. ஒரு குடும்பமாக இருக்கும்.

நகரம் கற்ற பாடம்

எலியை எதிர்ப்பதில் பெங்களூருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1864ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்டுக்கு வந்த ரயில்பாதை நம் முன்னோர் பலரை இந்நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ரயில்பாதை மனிதரை மட்டும் ஏற்றி வருவதில்லை. 1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரை எட்டியது. நெருக்கமான தெருக்களில் மக்கள் மாண்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர். அதே 1898ஆம் ஆண்டில், அந்நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் ஆராய்ந்து கண்டார். நம் கோயம்புத்தூரில் போலவே பெங்களூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருப்பது அக்காலத்து அச்சத்துக்குச் சான்றாகும்.

அத்துன்பத்தினின்று நகரம் ஒரு பாடம் கற்றது. மல்லேசுவரம், பசவனகுடி என்னும் புதிய பகுதிகள் அகன்ற தெருக்களோடு எழுந்தன. நம்மவர் பலர் வாழும் பிரேசர் டவுன் 1910ஆம் ஆண்டில் உருவானபோது, எலி அண்டாத வீடு கட்டுதல் என்பதே அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. எலியைத் துரத்தித் துரத்திக் கொல்லுவதைவிட, அதற்கு வழியும் இடமும் இல்லாமற் செய்வதே நிலையான காவல் என்று அன்றையோர் கண்டனர். வீட்டுக்குச் சொன்ன அவ்விதியைக் காருக்கும் பொருத்திக்கொண்டால் போதும்.

ஊருக்குப் புறப்படும் முன்

முதலாவது, உணவை நீக்குதல். நம் குடும்பங்களின் கார்களில் இதற்குச் சில தனி இடங்கள் உண்டு. சொந்த ஊரிலிருந்து அரிசி மூட்டையும், நிலக்கடலையும், தேங்காயும் டிக்கியில் ஏற்றி வருவது நம் வழக்கம். மூட்டையிலிருந்து சிந்திய மணிகள் டிக்கியின் விரிப்புக்கு அடியிலும், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியிலும் தங்கிவிடும். ஆயுதபூஜையன்று தெளித்த பொரியும் கடலையும் இருக்கை இடுக்குகளில் கிடக்கும். முன்கண்ணாடி அருகே வைத்த பூவும் பழமும் வாடிக் கிடக்கும். குழந்தைகள் தின்ற முறுக்கும் பிஸ்கட்டும் சொல்ல வேண்டியதில்லை. விரிப்புகளை எடுத்து உதறி, குழிகளைத் துடைத்து, ஒரு மணியும் எஞ்சாதபடி செய்க. கைக்குட்டை, காகிதம், பழந்துணி ஆகியவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அவை கூடு கட்டும் பொருள்கள்.

இரண்டாவது, நிறுத்தும் இடம். குப்பைத் தொட்டி, சாக்கடை மூடி, விறகுக் குவியல், பழைய சாமான்கள் போட்டுவைக்கும் மூலை ஆகியவற்றின் அருகே நிறுத்தலாகாது. ரயில்வேயில் பணி செய்யும் நாம் கிடங்குகளில் காணும் முறை ஒன்றுண்டு. தானிய மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், சுற்றிலும் ஆள் நடந்து பார்ப்பதற்கு இடைவெளி விட்டு, கட்டைகளின்மேல் அடுக்குவர். எலி சுவரோரமாகவே ஓடும் வழக்கமுடையது. திறந்த வெளியைக் கடக்க அஞ்சும். காரையும் சுவரினின்று மூன்றடியாவது தள்ளி நிறுத்துவது நலம். தரைமட்டும் தொங்கும் துணி உறையைப் போர்த்திவிடுவதும் நன்றன்று. வெயிலுக்கு நிழலாக நாம் போர்த்துவது எலிக்குக் கூடாரமாகிறது. போர்த்தித்தான் ஆகவேண்டுமெனில் சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்திக் கட்டுக.

மூன்றாவது, இருளை நீக்குதல். பூட்டிய வாயிலுக்குள் கூரையின்கீழ் நிற்கும் காராயின் பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் போகலாம். வெளிச்சமும் காற்றும் புகும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். தெருவில் நிற்கும் காருக்கு இவ்வுபாயம் பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நான்காவது, துவாரங்களை அடைத்தல். 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள இரும்பு வலையைக் காற்றுத் துவாரத்தின்மேல் பொருத்துமாறு மெக்கானிக்கிடம் சொல்லலாம். பிளாஸ்டிக் வலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும். சைலன்சர் குழாயின் வாயில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை உருட்டிச் செருகலாம். ஏ.சி.யில் வெளிக்காற்றை மறைத்து உட்காற்றையே சுழலவிடும் நிலையில் வைத்துவிட்டு என்ஜினை நிறுத்துக. கண்ணாடிகளை முழுதும் ஏற்றிவிடுக. செருகிய பொருள் ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, அக்காகிதத்தை ஸ்டியரிங் சக்கரத்தில் கட்டிவைத்தல் மிக மிக அவசியம். குழாயை அடைத்ததை மறந்து என்ஜினை இயக்குதல் அபாயம்.

ஐந்தாவது, கம்பிக்குக் காப்பு. எலி எளிதில் எட்டும் கம்பிகளுக்கு மெல்லிய உலோக வலையுறை போடலாம். ஜப்பானிய நிறுவனமான ஹோண்டா, மிளகாயின் காரச் சத்தை ஊட்டிய நாடா ஒன்றைக் கம்பிகளின்மேல் சுற்றுவதற்கென வெளியிட்டுள்ளது. உறுதியான காப்பு இல்லையாயினும், பல் வைத்தவுடன் வாய் எரிந்தால் எலி வேறு இடம் பார்க்கும் என்பது அதன் கருத்து.

ஆறாவதாகச் சொல்லுவதே எல்லாவற்றினும் பயன் மிக்கது. அது அமைதியைக் குலைத்தல். வாரம் ஒரு முறை எவரேனும் வந்து, பானெட்டைத் திறந்து பார்த்து, கதவுகளைத் திறந்து மூடி, காரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, இடம் மாற்றி நிறுத்துவாராயின், எலிக்கு அங்கே குடியமர மனம் வராது. பேட்டரியும் உயிரோடு இருக்கும். இவ்வாறு செய்ய ஒருவரும் இல்லையெனில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுச் செல்லுக. எலி கம்பியைக் கடித்தாலும் பொறி கிளம்பித் தீப்பற்றும் அபாயம் குறையும்.

நாற்ற மருந்தும் நச்சு மருந்தும்

புகையிலைக் காம்பு, வேப்பெண்ணெய், புதினா எண்ணெய், நாப்தலின் உருண்டை எனப் பலர் பலவற்றைப் பரிந்துரைக்கின்றனர். இவற்றின் நாற்றம் சில நாளிலோ சில வாரத்திலோ மங்கிவிடும். வாரந்தோறும் புதுப்பிக்க ஆள் இருந்தால் ஓரளவு துணை செய்யும். மூன்று மாதம் ஊரில் இருப்போருக்கு இவற்றால் பயனில்லை. நாப்தலின் உருண்டையை இருக்கைப் பகுதியில் போடவே கூடாது. அதன் ஆவி மூடிய காரில் தேங்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறைபாட்டால் நாப்தலின் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். செவிக்குக் கேளாத ஒலியெழுப்பி எலியை விரட்டும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவ்வொலிக்கு எலிகள் சில நாளில் பழகிவிடுகின்றன.

கூண்டுப் பொறி நல்லதே. சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துக் காருக்கு வெளியே சுவரோரமாக வைக்கலாம். ஆனால் நாள்தோறும் பார்ப்பதற்கு ஆள் இருத்தல் வேண்டும். ஆளில்லாத காருக்குள் பொறி வைத்துச் செல்வது பிணத்தைப் பூட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

நச்சு மருந்து பற்றி நாம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. இரத்தம் உறையாமற் செய்யும் வகை மருந்தைத் தின்ற எலி உடனே இறப்பதில்லை. சில நாள் கழித்தே இறக்கும். அது காரின் காற்றறைக்குள் சென்று இறந்தால் நாற்றத்தைப் போக்க முன்பலகையையே பிரிக்க நேரிடும். அவ்வெலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் மாளும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதனின் கல்லீரலை அழிப்பது. அதற்கு முறிவு மருந்து இல்லை. பாஸ்பைடு வகை மருந்துகள் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடுவன. 2024ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக மருந்து வைத்த வீட்டில் இரவு உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் உயிரிழந்தனர்; பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வீட்டினுள் நிகழ்ந்தது அது. வீட்டைவிடச் சிறியதும் காற்றோட்டம் குறைந்ததுமான காருக்குள் அம்மருந்தை வைக்க எவரும் துணியலாகாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக நம் செயல் முடிந்துவிடக் கூடாது.

திரும்பி வந்தபின்

பயணக் களைப்போடு வந்தவுடன் சாவியைத் திருப்புதல் கூடாது. முதலில் காரின் அடியில் பார்க்க வேண்டும். எண்ணெயோ பெட்ரோலோ சொட்டிய கறை உண்டா? பெட்ரோல் நாற்றம் வீசுகிறதா? வீசினால் காரை இயக்காமல் மெக்கானிக்கை அந்த இடத்துக்கே அழைக்க வேண்டும். பின்னர் பானெட்டைத் திறந்து, எலிப்புழுக்கை, சருகு, பிய்த்த பஞ்சு, அறுந்த கம்பி ஆகியவற்றைத் தேடுக. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தவறாதீர். பிரேக் எண்ணெயின் அளவு குறைந்திருக்கிறதா எனவும் காண்க. செருகிய இரும்பு நாரை எடுத்துவிட்டு, காகிதத்தில் உள்ள குறிப்பை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருக. என்ஜினை இயக்கியபின் எச்சரிக்கை விளக்குகள் யாவும் அணைகின்றனவா என்று பார்த்து, வாயிலுக்குள்ளேயே இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்துச் சோதித்து, அதன்பின் குழந்தைகளை ஏற்றுக.

புழுக்கை கிடந்தால் விளக்குமாற்றால் பெருக்குதலும் ஏ.சி.யைப் போட்டு ஊதவிடுதலும் தவறு. தூசி மூச்சில் புகும். கதவுகள் யாவையும் அரைமணி நேரம் திறந்துவைக்க வேண்டும். கையுறை அணிந்து, ஒரு பங்கு சலவை திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுத்து, அத்துணியைக் கட்டி எறிந்துவிடுக. எலியின் மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலில் புகும். ஆதலால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் வேண்டும். சில நாளில் காய்ச்சலும் தசை வலியும் கண்டால், எலி புழங்கிய காரைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுக.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கு மட்டும் எடுத்த காப்பீடு எலிக்கடிக்கு உதவாது. முழுக் காப்பீடு எடுத்தவர்களும் எலியால் விளையும் சேதம் அதில் அடங்குமா என்பதை ஊருக்குப் போகும் முன்பே எழுத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மேற்சொன்னவற்றுள் மிகுந்த பயன் தருவதான வாரம் ஒரு முறை கார் பார்க்கும் வேலைக்குப் பணம் தேவையில்லை, ஆள்தான் தேவை. பக்கத்து வீட்டாரை நெடுநாள் அறியாத வாழ்க்கை இந்நகரில் பலருக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் நம் குடும்பங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. எல்லோரும் ஒரே மாதத்தில் ஊருக்குப் போவதுமில்லை. சித்திரையில் செல்வோரின் காரை ஆடியில் செல்வோர் பார்த்துக்கொள்வதும், ஆடியில் செல்வோரின் காரைத் திரும்பி வந்தவர் பார்த்துக்கொள்வதும் எளிதில் கூடிவரும். சாவியைக் கொடுக்கும்போது ஓட்டுரிமம் உள்ளவரிடம் கொடுப்பதும், காப்பீட்டுத் தாளின் நகலைக் காரில் வைப்பதும் முறை. கோடை விடுமுறைக்கு ரயில் சீட்டு எடுக்கும் நாளிலேயே, சாவியை எவரிடம் ஒப்படைப்பது என்பதையும் முடிவுசெய்துகொள்வது நலம்.